டிகிரி கையில், பணம் எங்கே? நிறைவேற்று மனு போடும் முறை

டிகிரி, அதாவது பணம் தரச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை, வாங்கிவிட்டால் நீதிமன்றம் தானாக வசூலித்துத் தராது, இ.பி. எனப்படும் நிறைவேற்று மனுவை நீங்கள்தான் போட வேண்டும். கெடு 12 ஆண்டு. அதுவரை பொறுத்தால் சொத்து கைமாறிவிடும்.

முதலில் கடனாளியிடம் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். நிலமென்றால் சர்வே எண், நான்கெல்லை, வில்லங்கச் சான்று வேண்டும். எல்லை தப்பினால் ஜப்தியே சிக்கலாகும். நிலம் வேறு நீதிமன்ற எல்லையில் இருந்தால் டிகிரியை அங்கே மாற்ற வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 21, விதி 41-இன் கீழ் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கேளுங்கள். தராவிட்டால் 3 மாதம் வரை சிவில் சிறை உண்டு. பலர் வழிக்கு வருவது இதற்குத்தான்.

சம்பள ஜப்தி மெதுவானது. முதல் 1000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 24 மாதப் பிடித்தத்தோடு அந்த டிகிரிக்கு அந்த வழி அடைபடும். அரசு ஓய்வூதியத்தில் கைவைக்கவே முடியாது. கணக்கு எண்ணும் கிளையும் தெரிந்தால் வங்கி ஜப்திதான் வேகம்.