சுயமதிப்பை அளந்து பார்ப்பது எப்படி? (எட்டாவது வரியில் ஜாக்கிரதை)

சுயமரியாதை என்று எழுதினால் 1925-உம் பெரியாரும் நினைவுக்கு வந்துவிடும். அது வேறு. இங்கே சொல்லவருவது, 'நான் எதற்காவது லாயக்கா?' என்று நம்மை நாமே எடைபோடும் மனக்கணக்கு. சுயமதிப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

படி 1: ரோசன்பெர்க் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1965-ல் வெளியிட்டது. நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது போன்ற பத்தே வரிகள், ஒவ்வொன்றுக்கும் மார்க். முழுக்க ஏற்றால் 3, ஏற்றால் 2, ஏற்காவிட்டால் 1, துளியும் ஏற்காவிட்டால் 0. காகிதமும் பேனாவும் போதும். நான் போட்டுப் பார்த்த ஆப், மார்க்கைக் காட்டும் முன்பே சந்தா கேட்டது.

படி 2: நான் சறுக்கிய இடம். அப்படியே கூட்டினேன், 30-க்கு 18. பரவாயில்லையே என்று டீ குடிக்கப் போய்விட்டேன். ஆனால் 2, 5, 6, 8, 9 ஐந்தும் எதிர்மறை வரிகள், அதாவது ஏற்றால் சுயமதிப்பு குறைவு என்று காட்டுபவை. அவற்றில் 3 என்பது 0, 2 என்பது 1 என்று தலைகீழாகப் போட வேண்டும். நான் ஐந்துக்கும் 2 போட்டிருந்தேன், திருப்பியதும் 13. பொதுவாக 15-க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள்.

அதிலும் எட்டாவது வரி பொல்லாதது. 'என்மேல் எனக்கு இன்னும் மதிப்பு இருந்தால் நன்றாயிருக்கும்' என்ற பொருளில் வரும். படித்தால் நல்ல ஆசை மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் அதை ஏற்பது, இப்போது மதிப்பு போதவில்லை என்று ஒப்புக்கொள்வது.

படி 3: ஒரு வாரம் நோட்டில் மூன்று பத்தி எழுதுங்கள். நடந்தது, உடனே மனசு சொன்னது, அதனால் செய்யாமல் விட்டது. என் நோட்டிலிருந்து: ரவா தோசை கேட்டேன், சாதா வந்தது. 'இதுக்குப் போய் எதற்கு வம்பு?' மாற்றச் சொல்லவில்லை. அதே வாரம் சம்பள உயர்வு பேச்சிலும் அதே 'எதற்கு வம்பு'. மார்க்கைவிட மூன்றாவது பத்திதான் எனக்கு உறைத்தது.

பிற்சேர்க்கை 1: சிலருக்கு 34, 36 என்று வந்ததாம். அது 1 முதல் 4 வரை மார்க் போடும் வடிவம். மொத்தத்தில் 10 கழித்துக்கொள்ளுங்கள். வரிசை மாறிய பிரதிகளும் உண்டு, எண்ணை நம்பாமல் வரியைப் படித்துத் திருப்புங்கள்.

பிற்சேர்க்கை 2: கண்ணாடி முன் நின்று 'நான் அருமையானவன்' என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 2009-ல் கனடாவில் ஜோவான் வுட் குழு செய்த ஆய்வில், சுயமதிப்பு குறைந்தவர்களுக்கு இந்த மாதிரி வாக்கியங்கள் மனநிலையை இன்னும் கெடுத்தன.

அப்புறம், இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. தூக்கமும் சாப்பாடும் சேர்ந்து கெட்டிருந்தால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.