இழுவைத் தண்ணீரில் கொடுவாவுக்கு எந்த லூர் (செயற்கை இரை)?

மார்கழி மழையில் மகாவலி ஆறு பெருகித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்குப் பாயும்போது, மூதூர்ப் பக்கம் கங்கைப் பாலத்தடியில் மூன்று நாள் வெறுங்கையோடு திரும்பினேன். மீன் இருந்தது. என் 7 கிராம் ரப்பர் மீன்தான் அடிக்குப் போகவே இல்லை, விழுந்ததும் இழுவை தூக்கிக்கொண்டு போய்விடும்.

நாலாம் நாள் 21 கிராம் ஈயத்தலையில் (தலையில் ஈயம் வார்த்த தூண்டில் முள்) ஒல்லியான ரப்பர் மீனைக் கோத்தேன். ஒல்லி உடம்பைத் தண்ணீர் அவ்வளவாகத் தள்ளாது, அதுதான் முக்கியம். ஓட்டத்துக்கு எதிராகச் சாய்வாக எறிந்து, நூலைத் தளரவிடாமல், ஈயம் தரையில் தட்டுவது கைக்குத் தெரிகிற வேகத்தில் மட்டும் சுற்றி, பாலத்தூணுக்குப் பின்னால் தண்ணீர் ஓய்ந்து நிற்கும் இடத்துக்குள் கொண்டுவந்தேன், கொடுவா ஓட்டத்தோடு போராடாமல் அங்கேதான் இரைக்குக் காத்துக் கிடக்கும். கலங்கல் என்பதால் கறுப்பு நிறம். சரியாக இரண்டாம் எறியில் அடித்தது!

தட்டுவது தெரியாவிட்டால் எடையைக் கூட்டுங்கள், அடிக்கடி சிக்கினால் குறையுங்கள்.