மை பிரியவில்லையா? தாள் வண்ணப்பிரிகையிலும் கரைதிறன் சோதனையிலும் நேரும் தவறுகள்

தாள் வண்ணப்பிரிகை என்பது, வடிதாளில் ஊறி மேலேறும் கரைப்பான் (கரைக்கும் திரவம்) மையிலுள்ள சாயங்களைத் தனித்தனியே பிரிப்பது. கறுப்பு மையைப் பிரிக்கும் இந்தச் சோதனை பெரும்பாலும் தாளைக் கரைப்பானில் இறக்கும் முன்பே கெட்டுவிடுகிறது. காரணம், பேனா. பால்பாயிண்ட் மையும் பெர்மனென்ட் மார்க்கர் மையும் நீரில் கரையாதவை. ஜெல் பேனாக்கள் சிலவற்றில் இருப்பதோ எதிலும் எளிதில் கரையாத நிறமித் துகள். இவற்றால் பொட்டு வைத்துத் தண்ணீரில் நிறுத்தினால், பொட்டு வைத்த இடத்திலேயே கிடக்கும். உடனே "இந்த மையில் ஒரே சாயம்தான்" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். கரையாதது நகராது என்பதைத் தவிர அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை.

ஆகவே முதலில் கரைதிறனைப் பாருங்கள். வடிதாள் துண்டில் பேனாவால் ஒரு கோடு போட்டு, காய்ந்ததும் அதன்மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். நிறம் பரவினால் நீரே போதும். பரவாவிட்டால் எத்தனாலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ விட்டுப் பாருங்கள். இரண்டும் சட்டென்று தீப்பற்றும், பக்கத்தில் சுடர் இருக்கக் கூடாது. அதிலும் அசையாவிட்டால் பேனாவை மாற்றுவதுதான் வழி. நீரில் கழுவினால் போகும் ஸ்கெட்ச் பேனா வகுப்பறைக்கு நன்றாக ஒத்துவரும்.

பொட்டு வைக்கும் அடிக்கோட்டைப் பென்சிலால் மட்டுமே போட வேண்டும். பேனாவால் போட்டால் கோட்டின் சாயமும் சேர்ந்து மேலேறும். கோடு அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்திலும், முகவையில் (கண்ணாடிக் குவளையில்) கரைப்பான் 1 செ.மீ. ஆழத்திலும் இருக்கட்டும். பொட்டு மூழ்கினால் மை முகவைக்குள்ளேயே கரைந்துபோகும். பொட்டின் அகலம் 2 அல்லது 3 மி.மீ. போதும். நிறம் அடர்த்தியாக வேண்டுமானால் காயவிட்டு அதே இடத்தில் மூன்று நான்கு முறை வையுங்கள். ஒரே தடவையில் பெரிதாக வைத்தால் நிறங்கள் வால் நீட்டி ஒன்றோடொன்று கலக்கும். தாள் சுவரில் உரசினால் கரைப்பான் கோணலாக ஏறும். முகவையை மூடாவிட்டால், முக்கியமாக ஆல்கஹாலில், ஏறும் கரைப்பான் வழியிலேயே ஆவியாகிவிடும்.

மேல் விளிம்புக்கு 1 செ.மீ. இருக்கும்போதே தாளை எடுத்து, கரைப்பான் எட்டிய எல்லையை அந்த நொடியே பென்சிலால் குறியுங்கள். காய்ந்தபின் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது. ஆர்எஃப் மதிப்பில், அதாவது நிறம் நகர்ந்த தூரத்தைக் கரைப்பான் நகர்ந்த தூரத்தால் வகுத்த விடையில், அடிக்கடி வரும் பிழை, தாளின் அடியிலிருந்து அளப்பது. கரைப்பான் அடிக்கோட்டிலிருந்து 8 செ.மீ., நீலம் 6 செ.மீ. நகர்ந்திருந்தால் மதிப்பு 0.75. அடியிலிருந்து அளந்தால் 10-க்கு 8, அதாவது 0.8. விடை 1-ஐத் தாண்டினால் எங்கோ தவறாக அளந்திருக்கிறீர்கள்.

கரைதிறன் சோதனையில் கரையும் வேகத்தையும் கரைதிறனையும் (குறிப்பிட்ட அளவு நீரில் அதிகபட்சம் எவ்வளவு கரையும் என்பதையும்) குழப்பிக்கொள்வது வழக்கம். பொடித்தாலும் கலக்கினாலும் விரைவாகக் கரையுமே தவிர, கரையும் அளவு கூடாது. வெப்பநிலையின் விளைவைக் காட்டச் சாதாரண உப்பை எடுப்பதும் வீண்வேலை: 100 கிராம் நீரில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 36 கிராம் கரைகிறது, 100 டிகிரியிலும் ஏறக்குறைய 39 கிராம்தான். பொட்டாசியம் நைட்ரேட்டோ 20 டிகிரியில் சுமார் 32 கிராம், 60 டிகிரியில் சுமார் 110 கிராம்.

கரைதிறனை அளக்க, கரையாமல் மிஞ்சிய உப்பை வடிகட்டி ஈரத்தோடு எடை போடாதீர்கள். காயவைத்தாலும் தாளில் ஊறிய கரைசல் உப்பாகி எடையைக் கூட்டும். தெளிந்த தெவிட்டிய (இனி உப்பு கரையாத) கரைசலில் 25 கிராம் எடுத்து ஆவியாக்குங்கள். 6.6 கிராம் உப்பு மிஞ்சினால் நீர் 18.4 கிராம், 6.6-ஐ 18.4-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க, சுமார் 36. இங்கே 25-ஆல் வகுப்பவர்கள்தான் அதிகம். வற்றும் தறுவாயில் உப்பு தெறிக்கும். சூட்டைக் குறைத்து, அடுத்தடுத்துப் போடும் இரண்டு எடைகள் ஒன்றாகும் வரை காயவையுங்கள்.