32.768 கிலோஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர்: நானோஆம்பியரில் ஓடும் சிப் கடிகாரம்

சிப்பின் மற்ற பாகமெல்லாம் தூங்கினாலும் நேரம் காட்டும் கடிகாரம் தூங்கக்கூடாது. பட்டன் செல்லில் ஓடும் கருவியில் பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிப்பது பல சமயம் இந்தச் சின்ன சர்க்யூட்தான். மாஸ் டிரான்சிஸ்டர், ஏசி அனாலிசிஸ் இரண்டும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கருவிகள்: வரைய எக்ஸ்ஸ்கீம், சிமுலேஷனுக்கு என்ஜிஸ்பைஸ், மாடலுக்கு 2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் திறந்துவிட்ட ஸ்கை130 (130 நானோமீட்டர் சிப் தயாரிப்பு முறையின் விவரத் தொகுப்பு). எல்லாம் இலவசம். கற்றுக்கொள்ள இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி.

படி 1: கிரிஸ்டலைத் தேர்ந்தெடுங்கள்

மின்சாரச் செலவில் பாதி முடிவு இங்கேயே ஆகிவிடுகிறது. ஊசலாட்டம் நிலைக்கத் தேவையான குறைந்தபட்ச ஜிஎம் (கேட் வோல்ட்டேஜ் மாறினால் டிரான்சிஸ்டர் கரண்ட் எவ்வளவு மாறும் என்ற அளவு) இது:

4 × ஈஎஸ்ஆர் × (2 × பை × அதிர்வெண்)² × (சிஜீரோ + சிஎல்)²

ஈஎஸ்ஆர், அதாவது கிரிஸ்டலின் தொடர் மின்தடை, 70 கிலோஓம். சிஜீரோ, அதாவது கிரிஸ்டலின் இரு முனைகளுக்கு இடையே உள்ள கெபாசிட்டன்ஸ், 1.2 பிகோஃபாரட் என்று வையுங்கள். லோடு கெபாசிட்டன்ஸ், அதாவது சிஎல், 12.5 பிகோஃபாரட் என்றால் 2.2 மைக்ரோசீமென்ஸ் வரும். 6 பிகோஃபாரட் என்றால் 0.62 போதும். ஐந்து மடங்கு பாதுகாப்பு வைத்தாலும் 3.1 தான். வீக் இன்வெர்ஷனில் (கேட் வோல்ட்டேஜ் த்ரெஷோல்டுக்குக் கீழே) ஓடும் டிரான்சிஸ்டருக்கு இதற்கு ஏறத்தாழ 110 நானோஆம்பியர் போதும்.

சும்மா கிடைப்பதில்லை. சிஎல் குறையக் குறைய, ஒட்டுக் கெபாசிட்டன்ஸ் மாறினால் அதிர்வெண் அதிகமாக நகரும். 12.5-இல் ஒரு பிகோஃபாரட் பிசகுக்கு சுமார் 9 பிபிஎம் (பத்து லட்சத்தில் 9 பங்கு). 6-இல் 34 பிபிஎம், நாளைக்கு கிட்டத்தட்ட 3 விநாடி. நான் 6-ஐயே எடுப்பேன், ஆனால் சிப்புக்குள் டிரிம் கெபாசிட்டர்கள் வைத்துத்தான்.

படி 2: ஆம்ப்ளிஃபயர்

பியர்ஸ் அமைப்பு: ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே கிரிஸ்டல், அந்த இரு முனையிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒவ்வொரு கெபாசிட்டர். சாதாரண சிமாஸ் இன்வெர்ட்டரை அப்படியே போடாதீர்கள், சப்ளை ஏறினால் கரண்ட் கட்டில்லாமல் ஏறும். ஒரே ஒரு என்மாஸ், மேலே கரண்ட் சோர்ஸ், அவ்வளவுதான். சுவிஸ் கைக்கடிகாரங்களுக்காக எரிக் விட்டோஸ் 1970-களில் வளர்த்தெடுத்த வழி இது, இன்றும் அசைக்க முடியவில்லை. ஒவ்வொரு முனையிலும் மொத்தம் 12 பிகோஃபாரட் இருக்கட்டும் (தொடராகச் சேர்ந்தால் 6 ஆகும்). பேடும் போர்டும் சேர்ந்து 3 எடுத்துக்கொண்டால், நீங்கள் முனைக்கு முனை போட வேண்டியது 9.

படி 3: ஓடுமா என்று பார்ப்பது

பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. டிரான்ஷியன்ட் (நேரப்போக்கில் பார்க்கும் சிமுலேஷன்) ஓட்டினால் நேர்கோடுதான் வரும், சர்க்யூட் சரியாகவே இருந்தாலும்! கிரிஸ்டலின் மாடலில் உள்ள இண்டக்டர் சுமார் 6,700 ஹென்றி (ஆமாம், ஹென்றிதான்), க்யூ (இது பெரிதாக இருந்தால் ஊசலாட்டம் மெதுவாகத்தான் வளரும், தேயும்) 20,000-க்குப் பக்கம். ஊசலாட்டம் வளர நூற்றுக்கணக்கான மில்லிவிநாடி ஆகும். ஒரு சுழற்சியோ 30.5 மைக்ரோவிநாடி. சிமுலேட்டருக்குத் தொடக்கத்தில் தட்டிவிட இரைச்சலும் கிடையாது.

அதனால் காத்திருக்க வேண்டாம். கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு, சிஜீரோவை மட்டும் அங்கேயே விட்டு, அந்த இரு முனைகளுக்கு இடையே 1 ஆம்பியர் ஏசி கரண்ட் சோர்ஸ் போடுங்கள். ஏசி அனாலிசிஸ் நேர்கோட்டுக் கணக்கு என்பதால் ஒன்றும் எரியாது. அதோடு, முனைகளுக்கு இடையிலான வோல்ட்டேஜே இம்பீடன்ஸ் ஆகிவிடும். 32,768 ஹெர்ட்ஸில் அதன் மெய்ப்பகுதியைப் பாருங்கள். ஈஎஸ்ஆரைப்போல் ஐந்து மடங்கு, அதாவது மைனஸ் 350 கிலோஓம் வர வேண்டும். மைனஸ் என்றால், கிரிஸ்டலில் இழக்கும் ஆற்றலை சர்க்யூட் ஈடுகட்டுகிறது என்று பொருள்.

வரவில்லையா? முதலில் ஃபீட்பேக் ரெசிஸ்டரை (என்மாஸின் கேட்டுக்கும் டிரெய்னுக்கும் இடையே பயஸுக்காகப் போடுவது) சந்தேகியுங்கள். மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பழக்கத்தில் 1 மெகாஓம் போட்டிருந்தால் எதிர்மறை மதிப்பே காணாமல் போயிருக்கும். 10 மெகாஓமே 40 கிலோஓமுக்கு மேல் தின்றுவிடும். 20-க்கு மேல் போங்கள். சிப்புக்குள் அதைப் பாலி ரெசிஸ்டரில் செய்தால் இடம் கொள்ளாது, டிரான்சிஸ்டரையே ரெசிஸ்டராகப் பயன்படுத்துங்கள்.

இதையே ஸ்லோ கார்னரில் (தயாரிப்பில் டிரான்சிஸ்டர்கள் மிக மெதுவாக அமையும் நிலை), 85 டிகிரியில் மறுபடி ஓட்டுங்கள். பயஸ் கரண்ட் மாறாமல் இருந்தால் சூட்டில் ஜிஎம் குறையும்.

படி 4: சதுர அலையாக்குவது

நானோஆம்பியர் கணக்குப் பார்த்துச் சேமித்ததையெல்லாம் இங்கே கொட்டிவிடலாம். மெதுவான சைன் அலையைச் சாதாரண இன்வெர்ட்டருக்குக் கொடுத்தால், இரண்டு டிரான்சிஸ்டரும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் நீளும், ஆஸிலேட்டரைவிட அதுவே அதிகம் குடிக்கும். முதல் கட்டத்துக்கு மேலும் கீழும் கரண்ட்டைக் கட்டுப்படுத்துங்கள். அதற்கப்புறம் 15 ஃபிளிப்ஃபிளாப் வரிசை, விநாடிக்கு ஒரு துடிப்பு.

பின்சேர்க்கை: படி 3-இல் மெய்ப்பகுதி பிளஸ் 350 வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஸ்பைஸில் கரண்ட் சோர்ஸ் முதல் முனையிலிருந்து உறிஞ்சி இரண்டாவதில் தள்ளும். அதனால் இரண்டாவது முனையின் வோல்ட்டேஜிலிருந்து முதலாவதைக் கழிக்க வேண்டும். கற்பனைப் பகுதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: கெபாசிட்டர் சர்க்யூட்டில் அது மைனஸில்தான் இருக்கும், சுமார் மைனஸ் 700 கிலோஓம். பிளஸில் வந்தால் முனைகளை மாற்றிக் கழித்திருக்கிறீர்கள்.