ஹெட்டரில் தேதி தவறினால் பிழைச்செய்தி வராது: கண்டுபிடித்துத் திருத்தும் முறை

மாறாத கோப்பு ஒவ்வொரு முறையும் முழுமையாகப் பதிவிறங்குகிறது, சர்வர் பதிவேட்டிலோ ஒரு பிழையும் இல்லை என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது, ‘இந்தத் தேதிக்குப் பின் கோப்பு மாறியிருந்தால் மட்டும் அனுப்பு’ என்று கோரிக்கையோடு சர்வரிடம் சொல்லும் ‘இஃப்-மாடிஃபைடு-சின்ஸ்’ ஹெட்டரில் (தலைப்பு வரியில்) உள்ள தேதியைத்தான். தேதியின் வடிவம் செல்லாததாக இருந்தால் அந்த ஹெட்டரையே சர்வர் புறக்கணிக்க வேண்டும் என்பது வலைப் பரிமாற்றத்துக்கான எச்டிடிபி விதி. எனவே 304 (‘மாறவில்லை’ என்ற பதில்) வர வேண்டிய இடத்தில், எல்லாம் சரியாக இருப்பதுபோல் 200 (முழுக் கோப்போடு வரும் பதில்) வருகிறது.

முதற்படியாக, உங்கள் நிரல் அனுப்பும் ஹெட்டரை ஓர் எழுத்தும் விடாமல் அச்சிட்டுப் பாருங்கள். அது ‘டியூ, 05 மார் 2024 08:09:07 ஜிஎம்டி’ என்ற அமைப்பில் இருக்க வேண்டும். இங்கே தமிழில் எழுதியிருந்தாலும், கிழமையும் மாதமும் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கங்களாக, முதலெழுத்து மட்டும் பெரியதாக அமைய வேண்டும். கிழமைக்குப் பின் காற்புள்ளி தேவை. 5 என்பது 05 ஆக வேண்டும்.

பெரும்பாலான தவறுகள் மூன்று இடங்களில் நிகழ்கின்றன. உள்ளூர் நேரத்தை எடுத்து, அதை கிரீன்விச் நேரமான ஜிஎம்டிக்கு மாற்றாமலே இறுதியில் ஜிஎம்டி என்று ஒட்டிவிடுவது முதலாவது. வடிவம் சரியாகவே தெரிவதால் இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். மின்னஞ்சலுக்கான செயற்கூற்றைப் பயன்படுத்தியதால் ஜிஎம்டிக்குப் பதில் +0000 போன்ற எண் வருவது இரண்டாவது. கணினியின் மொழி அமைப்பு மாறியதால் கிழமைப் பெயர் வேறு மொழியில் அச்சாவது மூன்றாவது.

தேதியை நீங்களே சரம் சரமாகக் கோக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘டுயுடிசிஸ்ட்ரிங்’ போதுமானது. பைத்தானின் ‘ஃபார்மட்டேட்’ செயற்கூற்றில் ‘யூஸ்ஜிஎம்டி’ அளவுருவை ‘ட்ரூ’ எனத் தர மறக்காதீர்கள்.

திருத்தியபின், சர்வர் தந்த ‘லாஸ்ட்-மாடிஃபைடு’ (கோப்பு கடைசியாக மாறிய நேரம்) மதிப்பை அப்படியே நகலெடுத்து, கோரிக்கை அனுப்ப உதவும் கர்ல் கட்டளை வழியாக ‘இஃப்-மாடிஃபைடு-சின்ஸ்’ ஹெட்டரில் வைத்து அனுப்புங்கள். 304 வந்தால் சர்வர் பக்கம் குறையில்லை. ஒரு நாள் பிந்திய தேதியை அனுப்பிச் சோதித்துவிட்டு, 200 வருகிறதே என்று குழம்ப வேண்டாம்: என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் தன் இயல்பு அமைப்பில் நேரம் துல்லியமாகப் பொருந்தினால் மட்டுமே 304 தரும். அதே கோரிக்கையில், தேதிக்குப் பதில் கோப்பின் அடையாளக் குறியை ஒப்பிடும் ‘இஃப்-நன்-மேட்ச்’ ஹெட்டர் இருந்தால், அதை ஆதரிக்கும் சர்வர் தேதியைப் புறக்கணிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே சோதனையின்போது அதை நீக்கிவிடுங்கள்.