பழைய குமுட்டி அடுப்பைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு

காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் காப்பிக்கும் அப்பளம் சுடுவதற்கும் கரி போட்டு மூட்டப்பட்ட குமுட்டி அடுப்பு, எரிவாயு வந்த பிறகு பரணுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் ஒதுங்கிவிட்டது. ஆகவே அதைத் தேடுகிறவர் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவையாறு போன்ற ஊர்களின் பழைய இரும்புக் கடைகளில் தொடங்குவது நல்லது. அங்கே அது எடைக்கு விற்கும் இரும்பு. பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாலோ அதுவே பழம்பொருள், விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். போகியை ஒட்டி வீடுகளை ஒழிக்கும் நாட்களிலும், பழைய ஓட்டு வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்படும்போதும் தாமதிக்காமல் போய்ப் பார்க்க வேண்டும்.

வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது கரியைத் தாங்கும் துளைத் தட்டு. உடல் துருப்பிடித்திருந்தால் தேய்த்துக் கொள்ளலாம். தட்டு உடைந்திருந்தால் அதே அளவில் வேறொன்று கிடைப்பது அரிது. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் கரிமம் இருப்பதால் அது வளையாது, விரிசல் விட்டு உடையும். அந்த விரிசலும் துருவுக்குள் கண்ணுக்குத் தெரியாது. தட்டை விரலில் தொங்கவிட்டுச் சிறு ஆணியால் தட்டினால், முழுத்தட்டு கணீரென்று ஒலிக்கும், விரிசல் உள்ளது மொத்தென்று அடங்கிவிடும். பாத்திரம் உட்காரும் மூன்று குமிழ்களும் உண்மையான பழைய அடுப்பில் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். குமிழ்கள் கூராக இருந்து உடல் மட்டும் துருவேறியிருந்தால், அது பழையதாக்கப்பட்ட புதுச் சரக்கோ என்று நான் சந்தேகப்படுவேன்.

யார் வீட்டு அடுப்பு, எந்த ஊர் என்று விற்பவரிடம் கேட்டு ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பேரம் முடிந்த பிறகு கேட்பதே புத்திசாலித்தனம்.

துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிடிவாதமான இடங்களில் புளிக்கரைசலைச் சில மணி நேரம் மட்டும் தடவி வைத்து, கழுவி, உடனே வெயிலில் காய வைக்கவும். பிறகு நல்லெண்ணெயை மெல்லியதாகப் பூசிச் சூடாக்கினால் அது இறுகிப் படியும். தேங்காயெண்ணெய் அப்படி இறுகாது. கறுப்பு வண்ணம் அடிப்பவர்களும் உண்டு, ஆனால் வார்ப்பில் உள்ள எழுத்துகளை அது மூடிவிடும் என்பதால் நான் அதற்கு உடன்படுவதில்லை.

மூட்டிப் பார்க்க விரும்பினால் முற்றத்திலோ கொல்லையிலோ மூட்டுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாசனையின்றியே உயிரைக் குடிக்கும். சூடான வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் தெளித்து அணைக்கவும் கூடாது, தட்டு அங்கேயே வெடித்துவிடும்.