செய்தி முகமையிடம் கதை கொடுக்கிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

பிரிட்டனின் டேப்லாய்டு எனப்படும் பரபரப்பு நாளிதழ்களிலும் பெண்கள் வார இதழ்களிலும் 'எனக்கு நேர்ந்தது' என்று வரும் கதைகளில் பல, அந்தப் பத்திரிகைகளின் நிருபர்கள் தேடிப் பிடித்தவை அல்ல. பிரிஸ்டலின் எஸ்டபிள்யூஎன்எஸ், பர்மிங்காமின் கேட்டர்ஸ் போன்ற சுயேச்சைச் செய்தி முகமைகள் மக்களிடம் பேசி, எழுதி, படத்தோடு விற்றவை.

முகமையையே பத்திரிகை என்று நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. முகமை அச்சிடுவதில்லை, விற்கிறது. ஒரே பேட்டி ஒரே நாளில் பல பத்திரிகை ஆசிரியர்களின் மேசைக்குப் போகலாம், கடல் தாண்டியும் போகலாம். அதன்பிறகு 'வேண்டாம், எடுத்துவிடுங்கள்' என்றால் முகமையாலும் எல்லா இடத்திலிருந்தும் எடுக்க முடியாது. யாருக்கெல்லாம் விற்பீர்கள், பணம் பேட்டி கொடுத்ததுமா அச்சானபிறகா, எத்தனை காலம் வேறு யாரிடமும் பேசக் கூடாது என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லலாம். ஆனால் தலைப்பு வைப்பது பத்திரிகையின் உதவி ஆசிரியர். நீங்கள் முகம் சுளிப்பது பெரும்பாலும் அந்தத் தலைப்பைப் பார்த்துத்தான்.

படங்களில் பலரும் சறுக்குகிறார்கள். படத்தில் இருப்பது நீங்களே என்றாலும், 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை பொதுவாக எடுத்தவருக்கே. உங்கள் கல்யாணப் படம் என்றாலும் புகைப்படக்காரரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

குற்ற வழக்கில் சாட்சியாக இருப்பவர்கள் பணம் பேசவே கூடாது. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் (1981) சொல்லும் பொருளில் வழக்கு உயிரோடு இருக்கும்வரை, சாட்சிக்குப் பணம் தருவதையும், தருவதாகச் சொல்வதையும் பத்திரிகை ஆசிரியர்களுக்கான நடத்தை விதிகள் தடுக்கின்றன.

பத்திரிகைகளும் தவறு செய்கின்றன. முகமை அனுப்பியது என்பதாலேயே சரிபார்க்காமல் போட்டுவிடுவார்கள். தனிமையில் வாடும் சீன இளைஞர்கள் முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டி நடத்திப்போகிறார்கள் என்ற செய்தி உலகம் சுற்றியது. அதுபோன்ற விசித்திரச் செய்திகளை விற்ற சென்ட்ரல் யூரோப்பியன் நியூஸ் முகமையைப் பற்றி 2015-இல் பஸ்ஃபீட் என்ற அமெரிக்க இணையதளம் கடுமையாக எழுதியது. முகமை தொடுத்த அவதூறு வழக்கு 2019-இல் தள்ளுபடியானது. முட்டைக்கோஸை நம்பி அச்சிட்டவர்கள் ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம்.

தவறாக வந்துவிட்டால் முகமையோடு மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்காதீர்கள். வெளியாட்கள் தந்த செய்தியானாலும் அச்சிட்ட ஆசிரியரே பொறுப்பு. முதலில் அவருக்கு எழுதுங்கள். அந்தப் பத்திரிகை, பத்திரிகைகளைக் கண்காணிக்கும் அமைப்பான இப்சோவில் உறுப்பினர் என்றால் நான்கு மாதத்துக்குள் அங்கே புகார் செய்யலாம். செய்தி இணையத்தில் இன்னும் இருந்தால் ஓராண்டு வரை அவகாசம் உண்டு. கார்டியனும் ஃபைனான்ஷியல் டைம்ஸும் இப்சோவில் சேரவில்லை. அவற்றுக்குச் சொந்தப் புகார் ஏற்பாடு இருக்கிறது.